திமிங்கலம் தின்ற மீன் யாருடைய மீன்?

1903 ஜூன் மாதம், நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் கடற்கரையில் இருக்கும் மேஹாம்ன் என்ற சிறு துறைமுகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரண்டார்கள். அங்கே ஒரு திமிங்கல ஆலை இருந்தது. வெடிகுண்டு ஈட்டியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஸ்வென் ஃபோய்ன் ஆரம்பித்து வைத்த ஆலை. பிடித்து வந்த திமிங்கலங்களை அறுத்து எண்ணெய் காய்ச்சும் இடம் அது. மீனவர்கள் அதை அடித்து நொறுக்கித் தரைமட்டமாக்கினார்கள். அரசு படையை அனுப்ப வேண்டியதாயிற்று.

அவர்களுடைய குறை ஒன்றுதான்: திமிங்கலத்தைக் கொன்றதால் மீன் வரவில்லை. கேப்லின் என்ற சிறுமீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிக்கொண்டு வருவதே திமிங்கலம்தான், கேப்லினைத் துரத்திக்கொண்டு காட் மீன் வரும், அப்போதுதான் சிறு படகுக்காரனுக்குப் பிழைப்பு என்று அவர்கள் நம்பினார்கள். விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் அரசு பணிந்தது. 1904 முதல் வட நார்வேயின் மூன்று மாவட்டக் கடலோரங்களில் திமிங்கல வேட்டைக்குப் பத்தாண்டுத் தடை வந்தது.

ஜப்பானிலும் இதே கதை நடந்தது. 1911 நவம்பரில் வடக்கே ஹச்சினோஹே அருகில் சமே என்ற ஊரில் மீனவர்கள் திமிங்கல ஆலைக்குத் தீ வைத்தார்கள். மத்தி மீனைக் கரைக்குக் கொண்டுவரும் தெய்வமாகத் திமிங்கலத்தை வணங்கியவர்கள் அவர்கள். போதாததற்கு, ஆலையிலிருந்து கடலில் கலந்த ரத்தமும் கழிவும் மீன்பிடியைக் கெடுப்பதாகக் கொதித்துப் போயிருந்தார்கள்.

சுமார் நூறு ஆண்டுகளில் இந்த வாதம் அப்படியே தலைகீழாகிவிட்டது. 2006 ஜூனில் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் சர்வதேசத் திமிங்கல ஆணையம் கூடியபோது, வேட்டையை ஆதரித்த ஜப்பான் பக்கம் நின்ற நாடுகள் ஒரு பிரகடனத்தை முன்வைத்தன. திமிங்கலங்கள் ஏராளமான மீனைத் தின்கின்றன, ஆகவே இது கடலோர நாடுகளின் உணவுப் பாதுகாப்புப் பிரச்சினை என்றது அது. 33 நாடுகள் ஆதரவு, 32 எதிர்ப்பு, ஒரு நாடு நடுநிலை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. 1980-களில் ஆணையம் கொண்டுவந்த வணிக வேட்டைத் தடையை நீக்க அந்தப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆனாலும் 'திமிங்கலம் நம் மீனைத் தின்கிறது' என்பது சர்வதேச மேடையில் பதிவான வாதமாகிவிட்டது.

இந்த வாதத்தின் அடித்தளம் ஒரு கணக்கு. உலகில் இத்தனை திமிங்கலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் உடல் எடைக்கு ஏற்ப ஆண்டுக்கு இத்தனை டன் தின்னும் என்று பெருக்கினால், ஜப்பானிய ஆய்வாளர்களின் மதிப்பீட்டில் 28 கோடி முதல் 50 கோடி டன் வரை வந்தது. உலகக் கடல்களில் மனிதர்கள் பிடிக்கும் மீனோ ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டன்தான். நாம் பிடிப்பதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கைத் திமிங்கலம் தின்கிறது! கேட்டவுடன் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும்.

எண் பெரியதுதான். அது எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கோடிக்கணக்கான டன்னில் பெரும்பகுதி மீனே இல்லை. நீலத் திமிங்கலமும் ஃபின் திமிங்கலமும் தென்துருவக் கடலில் தின்பது கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரை. எண்ணெய்த் திமிங்கலம் தின்பது ஆழ்கடல் கணவாய்களை. அந்த ஆழத்தில் வலை போடுகிறவர்கள் மிகக் குறைவு. நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலங்களின் கழிவை எடுத்து மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, அதில் பெரும்பகுதியாகத் தெரிந்தது நம் கூனி இறாலுக்கு உறவான குட்டி இறால்கள்தான். அவற்றை நம்பித் தொழில் நடத்தும் படகு அந்த ஆழ்கடலில் கிடையாது.

சரி, மீன் தின்னும் திமிங்கலங்களே இல்லையா? உண்டு. இந்த வாதத்தை நேர்மையாகச் சோதித்துப் பார்க்க ஒரு கடல் இருக்கிறது என்றால் அது நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடல். அங்கே வரும் மிங்கி திமிங்கலம் மற்றப் பெருந்திமிங்கலங்களோடு பார்த்தால் சிறியது, எட்டு ஒன்பது மீட்டர் நீளம். அது கிரிலும் தின்னும், ஹெர்ரிங்கும் தின்னும், கேப்லினும் தின்னும், காட் மீனையும் விடாது. அந்தக் காட் மீன்தான் நார்வே மீன்பிடித் தொழிலின் முதுகெலும்பு.

நார்வே ஆய்வாளர்கள் பிடிபட்ட மிங்கிகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த மீன்களின் காது எலும்பை வைத்து எந்த மீன், எத்தனை பெரியது என்று கணக்கெடுத்தார்கள். 1992 முதல் 1995 வரையான காலத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த மதிப்பீடு இது: சுமார் 85,000 மிங்கிகள் ஆண்டுக்கு 18 லட்சம் டன் இரை தின்றன. அதில் ஹெர்ரிங் 6,33,000 டன், கிரில் 6,02,000 டன், காட் 2,56,000 டன், கேப்லின் 1,42,000 டன், ஹேடாக் 1,28,000 டன். கற்பனைக் கணக்கு இல்லை இது, வயிற்றைத் திறந்து பார்த்த கணக்கு. காட் மட்டும் இரண்டரை லட்சம் டன் என்றால் எந்த மீனவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் திமிங்கலம் தின்ற காட் எல்லாம் வலைக்கு வந்திருக்க வேண்டிய காட் அல்ல. அதன் வாயில் போவதில் நிறைய இளம் மீன். இளம் மீனில் பெரும்பாலானவை வளருமுன்பே ஏதோ ஒன்றின் வாயில் போயே தீரும். அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் யார் தெரியுமா? பெரிய காட் மீன்தான். தன் இனத்தையே தின்னும் மீன் அது. திமிங்கலம் விட்டுவைத்த குஞ்சு, வலைக்கு வருவதற்கு முன் இன்னொரு காட் மீனின் வயிற்றில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஹெர்ரிங். பேரண்ட்ஸ் கடலில் வளரும் இளம் ஹெர்ரிங், கேப்லின் குஞ்சுகளை மொய்த்துத் தின்கிறது. ஹெர்ரிங் பெருகிய ஆண்டுகளில் கேப்லின் சந்ததி தலையெடுப்பதில்லை. கேப்லின் இல்லையென்றால் காட் பட்டினி. ஆகவே ஹெர்ரிங்கைத் தின்னும் மிங்கி, கேப்லினைக் காப்பாற்றி, அதன் வழியே காட் மீனுக்கும் தீனி போடுகிறது. அதே மிங்கி நேரடியாகக் காட் மீனையும் தின்கிறது. கூட்டிக் கழித்தால் மீனவருக்கு லாபமா நஷ்டமா என்பது அந்த ஆண்டு எந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நார்வேயிலேயே இதைக் கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. மிங்கி கூடினால் காட் பிடிப்பு குறையும் என்று ஒரு கணிப்பு 2000-இல் வந்தது. அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் எந்த மீன் எதைத் தின்னும், கிடைக்காவிட்டால் எதற்குத் தாவும் என்ற அனுமானங்களைக் கொஞ்சம் மாற்றினாலே இப்படிப்பட்ட மாதிரிகளின் விடை நகரும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு வலுவானது என்பதை 1980-களின் நடுவில் அந்தக் கடல் காட்டியது. 1983-இல் பிறந்த ஹெர்ரிங் தலைமுறை அமோகமாக வந்தது. கேப்லின் குஞ்சுகள் தீர்ந்தன. வளர்ந்த கேப்லினையோ மீன்பிடிக் கப்பல்கள் வாரிக்கொண்டிருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் பல பத்து லட்சம் டன்னாக இருந்த கேப்லின் 1986 வாக்கில் ஏறக்குறைய இல்லாமலே போனது. காட் மீன்கள் மெலிந்தன, ஒன்றையொன்று தின்றன. துருவக் கடலின் சீல்கள் இரை தேடி நார்வே கரை முழுக்க இறங்கி, பல்லாயிரக்கணக்கில் மீன் வலைகளில் சிக்கிச் செத்தன. கரடித் தீவின் பாறைகளில் கூடு கட்டும் கில்லிமாட் பறவைகள் ஒரே பருவத்தில் பெருமளவில் அழிந்தன. கவனியுங்கள், நார்வே அப்போது திமிங்கல வேட்டையை நிறுத்தியிருக்கவில்லை. வேட்டை நடந்துகொண்டிருந்தபோதே இவ்வளவும் நடந்தது.

அதற்கு நேர் எதிரான காட்சி 2013-இல். நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அந்த ஆண்டுக்கு வைத்த காட் கோட்டா 10 லட்சம் டன். 1993-இல் மீண்டும் தொடங்கிய நார்வேயின் வேட்டை அந்தச் சமயத்தில் ஆண்டுக்குச் சில நூறு மிங்கிகளோடு நின்றுகொண்டிருந்தது. காட் பெருகியதற்குக் காரணம் வேறு. மீன்வளத்தின் அளவுக்கு ஏற்பக் கோட்டாவைத் தானாக ஏற்றி இறக்கும் விதியை இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டிருந்தன. 2000-களின் நடுவில் பெரும் தலைவலியாக இருந்த திருட்டு மீன்பிடியை, துறைமுகக் கண்காணிப்பைக் கடுமையாக்கி ஒடுக்கியிருந்தார்கள். கடல்நீர் சூடேறியதில் காட் மீனுக்கு மேய்ச்சல் பரப்பும் வடக்கே விரிந்திருந்தது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அப்புறம் வந்த ஒரு கண்டுபிடிப்பு. பிடிபடும் மிங்கிகளின் தோலடிக் கொழுப்பை நார்வேக்காரர்கள் 1993 முதல் அளந்து வைத்திருக்கிறார்கள். காட் பெருகிவந்த அந்த ஆண்டுகளில் மிங்கியின் கொழுப்பு மெலிந்துகொண்டே போனது. காட் தின்றதுபோக மிச்சம்தான் மிங்கிக்கு. யார் யாருடைய மீனைத் தின்கிறார்கள் என்ற கேள்விக்கு, காட்தான் திமிங்கலத்தின் பங்கை எடுத்துக்கொண்டது என்று கடலே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

இப்போது அந்தக் காட் வளம் மறுபடியும் இறங்குமுகத்தில் இருக்கிறது. தொடர்ந்து பல ஆண்டுகளாகப் புதுத் தலைமுறை சரியாக வரவில்லை. 2025-க்கான கோட்டா 3,40,000 டன். 1991-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைவாக வந்ததில்லை. உடனே நார்வேயில் 'திமிங்கலத்தை அதிகம் பிடிக்கலாம்' என்ற குரல் கேட்பது இயல்பு. அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன வயிற்றுக் கணக்குப்படி ஒரு மிங்கி ஆண்டுக்குச் சுமார் 21 டன் தின்கிறது, அதில் காட் சுமார் 3 டன். 2024-இல் நார்வே பிடித்தது நானூற்றுச் சொச்சம் மிங்கி. அவை தின்றிருக்கக்கூடிய காட் முழுவதும் அப்படியே வலைக்கு வந்துவிடும் என்று, நடக்க வாய்ப்பில்லாததை, வைத்துக்கொண்டாலும் 1,250 டன். 3,40,000-இல் அரை சதவீதம்கூட இல்லை. மீன்வளத்தில் இதன் விளைவைக் கண்டறிய முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் தெரியும் அளவுக்குக் கொல்ல வேண்டுமானால் பல்லாயிரக்கணக்கில் கொல்ல வேண்டும். 2024-இல் ஆயிரத்துக்கும் மேல் அனுமதி இருந்தும் பாதிகூடப் பிடிக்கப்படவில்லை. இறைச்சியை வாங்க ஆளில்லை என்பதுதான் தடை.

திமிங்கல நிர்வாகம் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்குள் மீன் எங்கே வருகிறது? வரவே இல்லை என்பதுதான் உண்மை. 1946-இல் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தம், முடிவெடுக்கும்போது திமிங்கலப் பொருள்களை வாங்குவோரின் நலனையும் திமிங்கலத் தொழிலின் நலனையும் கருதச் சொல்கிறது. மீனவர் நலன் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1982-இல் முடிவாகி 1985-86 பருவத்திலிருந்து அமலுக்கு வந்த வணிக வேட்டைத் தடையும், திமிங்கல எண்ணிக்கை பற்றிய அச்சத்தில் பிறந்தது. தடையை ஒருநாள் நீக்கினால் எத்தனை பிடிக்கலாம் என்று கணக்கிட ஆணையத்தின் அறிவியல் குழு உருவாக்கிய முறையை ஆணையம் 1994-இல் ஏற்றது. இதுவரை அமல்படுத்தவில்லை. அந்த முறைக்கு இரண்டே தகவல் போதும்: இதுவரை எத்தனை பிடித்தோம், இப்போது கணக்கெடுப்பில் எத்தனை தெரிகிறது. கடல் தாங்கக்கூடிய எண்ணிக்கையில் 72 சதவீதத்தில் திமிங்கலத்தை நிலைநிறுத்துவதே அதன் வழக்கமான இலக்கு. நார்வே தன் கணக்கில் அதை 60 ஆக்கிக்கொண்டது.

மீனுக்காகத் திமிங்கலத்தைக் குறைக்கும் திட்டமாக இதை மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக் கணக்கில் செருகச் சொல்கிறார்கள் என்பதே என் கருத்து. இதில் தென் ஆப்பிரிக்கக் கடலில் நடந்த ஓர் ஆராய்ச்சி நல்ல எச்சரிக்கை. அங்கே ஹேக் மீனைத் தின்னும் சீல்களைக் கொன்றால் ஹேக் பெருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹேக்கில் இரண்டு இனம் உண்டு. கரையோர இனம், ஆழ்கடல் இனத்தின் குஞ்சுகளைத் தின்கிறது. சீல் அதிகம் தின்பது அந்தக் கரையோர இனத்தை. சீலைக் கொன்றால் கரையோர ஹேக் பெருகி ஆழ்கடல் ஹேக்கைத் தீர்க்கும், மொத்தத்தில் மீனவருக்குப் பலனிருக்காது என்று 1995-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

செயின்ட் கிட்ஸ் பிரகடனத்தை ஆதரித்தவற்றில் மேற்கு ஆப்பிரிக்க, கரீபிய நாடுகள் நிறைய இருந்தன. அந்த இரண்டு கடல்களையும் எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுக்குழு மாதிரிகளை ஓட்டியது. 2009-இல் முடிவு வெளியானது. அங்கே வரும் பலீன் திமிங்கலங்களை (பல்லுக்குப் பதிலாகச் சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடிகட்டித் தின்பவை) ஒன்றுவிடாமல் நீக்கினாலும் வணிக மீன்வளம் குறிப்பிடும்படி கூடவில்லை. காரணம் எளிது. அவை அந்த வெதுவெதுப்பான கடல்களுக்கு வருவது குட்டி போட. அந்த மாதங்களில் பெரும்பாலும் தின்பதே இல்லை. மீன்பிடிப்பைச் சற்றே குறைத்தால் கிடைக்கும் பலன் இதைவிடப் பல மடங்கு என்றும் அந்த மாதிரிகள் காட்டின. செனகல், காம்பியா, மொரிட்டானியாக் கரைகளில் சாளை வகை மீன் ஏன் குறைகிறது என்று அந்த ஊர் மீனவரைக் கேட்டால் வெளிநாட்டுக் கப்பல்களையும், மீனை அரைத்துத் தூளாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைகளையும் காட்டுவார்கள். உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களுடைய அரசுகள் திமிங்கலத்தைக் காட்டியது அந்த மீனவர்களுக்கு இழைத்த அநீதி. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திமிங்கலத்தால் மீனவருக்கு நேரடி நஷ்டமே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. அலாஸ்காவில் நீண்ட தூண்டில் கயிறு போட்டு சேபிள் மீன் பிடிப்பவர்களின் கயிற்றிலிருந்து எண்ணெய்த் திமிங்கலங்களும் ஓர்கா எனும் கொலைகாரத் திமிங்கலங்களும் மீனை உருவித் தின்கின்றன. கயிறு இழுக்கும்போது கப்பல் எழுப்பும் சத்தம் கேட்டே வந்துவிடும். அங்கே மீன்வள மதிப்பீட்டிலேயே இந்த இழப்பைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 2017 முதல் அலாஸ்கா வளைகுடாவில் கூண்டு போட்டுப் பிடிக்கவும் அனுமதித்தார்கள். கூண்டுக்குள் இருக்கும் மீனைத் திமிங்கலத்தால் எடுக்க முடியாது. ஒரு திமிங்கலத்தையும் கொல்லாமல் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது.

இனி தென்துருவக் கடல். திமிங்கலத்தைக் குறைத்தால் இரை பெருகுமா என்ற கேள்விக்கு மனிதகுலம் தன்னையறியாமல் செய்து பார்த்த மிகப் பெரிய சோதனை அங்கேதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 29 லட்சம், அதில் 20 லட்சம் தென்பாதிக் கடல்களில். அவை தின்றிருக்க வேண்டிய கிரில் எல்லாம் மிச்சமாகிக் குவிந்திருக்கும் என்று 1970-களில் நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். அப்படிக் குவியவில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, முந்நூறுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களின் முதுகில் கருவி ஒட்டி அளந்து பார்த்து, பலீன் திமிங்கலங்கள் நாம் நினைத்ததைப் போல மூன்று மடங்கு தின்கின்றன என்றது. வேட்டைக்கு முன் தென்துருவக் கடலில் அவை ஆண்டுக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்கும். இன்று அங்கே மிஞ்சியிருப்பதாகக் கருதப்படும் மொத்தக் கிரிலைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அத்தனை வாய்கள் இருந்தபோது அத்தனை கிரில் இருந்தது, வாய்கள் போனதும் கிரிலும் போனது. எப்படி? அந்தக் கடலில் பாசி வளரத் தட்டுப்பாடானது இரும்புச்சத்து. கிரிலின் உடலில் இருக்கும் இரும்பைத் திமிங்கலம் தின்று கழிவாக மேல்நீரிலேயே விடுகிறது. அந்தக் கழிவில் இரும்பின் செறிவு சுற்றியுள்ள கடல்நீரைப் போல ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. வயலில் கிடை போட்ட ஆட்டு மந்தை மாதிரி, மேய்ந்த இடத்துக்கே உரம். பாசி வளர்ந்தால் கிரில் வளரும். வட அட்லாண்டிக்கில் மெய்ன் வளைகுடாவில் திமிங்கலங்களும் சீல்களும் மேல்நீருக்குக் கொண்டுவரும் நைட்ரஜன், அங்கே கலக்கும் எல்லா ஆறுகளும் கொண்டுவருவதைவிட அதிகம் என்று 2010-இல் கணக்கிட்டார்கள். இந்த உரத்தால் வலைக்கு வரும் மீன் எத்தனை டன் கூடும் என்று அடித்துச் சொல்லும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை. ஆனால் தின்பதை மட்டும் எழுதி, திருப்பித் தருவதை எழுதாத கணக்கு முழுக் கணக்காகாது.

தென்துருவக் கடலில் ஃபின் திமிங்கலங்களும் கூன்முதுகுத் திமிங்கலங்களும் இப்போது திரும்பி வருகின்றன. வேட்டைத் தடையின் பலன் அது. வருகிற இடத்தில் கிரில் கப்பல்கள் நிற்கின்றன, அதிலும் முன்னணியில் நார்வே. பிடிக்கும் கிரிலில் பெரும்பகுதி பண்ணை மீன் தீவனத்துக்கும் ஒமேகா-3 மாத்திரைக்கும் போகிறது. 2022 ஜனவரியில் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ ஆயிரம் ஃபின் திமிங்கலங்கள் ஒரே இடத்தில் மேய்ந்துகொண்டிருக்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே கிரில் கப்பல்கள் வலை இழுத்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். கூன்முதுகுத் திமிங்கலங்கள் கிரில் வலையில் சிக்கிச் செத்ததும் நடந்திருக்கிறது.

அந்தக் கடலின் அட்லாண்டிக் பக்கத்தில் ஆண்டுக்கு 6,20,000 டன்னுக்கு மேல் கிரில் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அந்தப் பிடிப்பு ஒரே இடத்தில் குவியாமல் நான்கு பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்த விதி 2024-இல் காலாவதியானது. புதுப்பிக்க, தென்துருவக் கடலின் உயிர்வளத்தை நிர்வகிக்கும் தனி ஆணையத்தின் உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வரவில்லை. அடுத்த பருவமே, 2025 ஆகஸ்டில், வரம்பு முதல்முறையாக முழுதாக எட்டப்பட்டு மீன்பிடி முன்கூட்டியே மூடப்பட்டது. திமிங்கலங்கள் திரண்டு மேயும் அண்டார்க்டிக் தீபகற்பக் கரையோரத்திலேயே கப்பல்களும் குவிய இப்போது தடையில்லை. மீனுக்காகத் திமிங்கலத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று முப்பது ஆண்டுகளாகக் கூட்டம் போட்டுப் பேசிய நாடுகள், திமிங்கலத்துக்காகக் கிரில் பிடிப்பை எங்கே, எந்த மாதத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதல் வேலை, காலாவதியான அந்தப் பகுதிப் பங்கீட்டைத் திரும்பக் கொண்டுவருவது.